பெரிய விரிதாள்கள் ஏன் மெதுவாகின்றன: வரிசைகளுக்குப் பின்னால் நடக்கும் வேலை

ஒரு கலத்தில் உள்ள எண்ணைத் திருத்தி எண்டர் விசையை அழுத்துகிறோம். திரை அசையாமல் நிற்கிறது. அடியில் உள்ள நிலைப்பட்டியில் ஒரு விழுக்காடு மெல்ல ஏறுகிறது. சாளரத்தின் தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்ற சொல் தோன்றி மறைகிறது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் போன்ற மென்பொருள்களில் பெரிய தரவுகளைக் கையாளுகிறவர்கள் எல்லோரும் இதை அறிவார்கள். தரவு பெருத்துவிட்டது, அல்லது கணினி பழசாகிவிட்டது என்ற இரண்டு காரணங்களே பெரும்பாலும் சொல்லப்படுகின்றன. சில சமயங்களில் அவை உண்மையாகவும் இருக்கின்றன. ஆனால் ஐந்து லட்சம் வரிசைகள் கொண்ட ஒரு கோப்பு தடையின்றி ஓடுவதையும், அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இன்னொரு கோப்பு ஒவ்வொரு திருத்தத்துக்கும் திணறுவதையும் ஒரே கணினியில் பார்க்க முடிகிறது என்பதால், அளவு ஒன்றே இதற்கு விளக்கமாகிவிடாது. வரிசைகள் இரட்டிப்பாகும்போது அவற்றின் பின்னால் நடக்கும் வேலை இரட்டிப்பாகிறதா, நான்கு மடங்காகிறதா என்பதில்தான் விடை இருக்கிறது என்பது என் கருத்து.

விரிதாள் பிறந்த காலத்திலிருந்தே இந்தச் சிக்கல் அதனுடன் இருந்து வருகிறது. 1979-இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவரும் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய விசிகால்க், 63 நெடுவரிசைகளும் 254 வரிசைகளும் மட்டுமே கொண்ட சிறிய தாள். ஆயினும் அது பயனருக்குக் கொடுத்த வாக்கு இன்றுவரை மாறவில்லை: எந்த எண்ணை மாற்றினாலும் அதைச் சார்ந்த எல்லா விடைகளும் தாமாகவே திருந்திக்கொள்ளும். அந்த வாக்கைக் காப்பாற்ற ஆகும் செலவைத்தான் நாம் தாமதமாக உணர்கிறோம். விசிகால்க் தாளை வரிசை வரிசையாகவோ நெடுவரிசை நெடுவரிசையாகவோ ஒருமுறை கடந்து கணக்கிட்டது. இன்னும் கணக்கிடப்படாத ஒரு கலத்தின் விடையை முன்னால் உள்ள கலம் கேட்டிருந்தால், சரியான விடை கிடைக்க மறுபடியும் கணக்கிடச் சொல்ல வேண்டியிருந்தது. எந்தக் கலம் எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்த்து அந்த ஒழுங்கிலேயே கணக்கிடும் முறையை ரெனே பார்டோ, ரெமி லாண்டாவ் ஆகியோர் 1969-லேயே லான்பார் என்ற மென்பொருளில் செய்து காட்டியிருந்தனர். மேசைக் கணினிகளில் அதைப் பரவலாக்கியது 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3.

இன்றைய எக்செல் இதையே இன்னும் நுட்பமாகச் செய்கிறது. ஒவ்வொரு சூத்திரமும் எந்தெந்தக் கலங்களைப் பார்க்கிறது என்பதை அது ஒரு சார்பு வலையாக நினைவகத்தில் வைத்திருக்கிறது. ஒரு எண் மாறியவுடன் அதைப் பார்க்கும் கலங்கள், அந்தக் கலங்களைப் பார்க்கும் கலங்கள் என்று வலை நெடுகிலும் ‘பழையதாகிவிட்டது’ என்ற குறி இடப்படுகிறது. பிறகு குறி விழுந்த கலங்கள் மட்டும் கணக்கிடப்படுகின்றன. கணக்கிடும் வரிசையையும் அது நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு சூத்திரம் இன்னும் தயாராகாத விடையைக் கேட்டால் அந்தச் சூத்திரத்தைப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளி, அடுத்த முறை அதே திருத்திய வரிசையில் தொடங்குகிறது. கோப்பைத் திறந்தபின் முதல் கணக்கீட்டுக்கு ஆகும் நேரத்தைவிட இரண்டாவது கணக்கீட்டுக்குக் குறைந்த நேரமே ஆவதைப் பலர் கவனித்திருப்பார்கள். அதற்குக் காரணம் இதுதான். ஆக, நன்றாக அமைக்கப்பட்ட தாளில் பத்து லட்சம் கலங்கள் இருந்தாலும், ஒரு திருத்தம் தொடுவது பத்துக் கலங்களைத்தான் என்றால், விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும்.

இந்தச் சிக்கனத்தை முறிப்பவை ஒருவகைச் சார்புகள், அதாவது சூத்திரத்துக்குள் எழுதும் ஆயத்தக் கட்டளைகள் (ஃபங்ஷன்கள்). தமக்கு உள்ளீடு மாறியதா இல்லையா என்பதை மென்பொருளால் உறுதிசெய்ய முடியாத காரணத்தால், தாளில் எங்கே எது நடந்தாலும் அவை திரும்பவும் கணக்கிடப்படுகின்றன. நவ், டுடே, ரேண்ட், ஆஃப்செட், இன்டைரக்ட் ஆகியவை இவற்றில் அடிக்கடி கண்ணில் படுபவை. நேரமும் தற்செயல் எண்ணும் மாறிக்கொண்டே இருப்பவை என்பது புரிகிறது. ஆஃப்செட்டும் இன்டைரக்டும் இந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் வேறு: எந்தக் கலத்தைப் பார்க்க வேண்டும் என்பதையே அவை ஓடும் நேரத்தில்தான் முடிவு செய்கின்றன, ஆகவே அவற்றை முன்கூட்டியே சார்பு வலையில் பொருத்த இயலாது. எதையும் மாற்றாமல் ஒரு கோப்பைத் திறந்து மூடும்போதும் ‘மாற்றங்களைச் சேமிக்கவா’ என்று எக்செல் கேட்டால், உள்ளே இவற்றில் ஒன்று இருக்கக்கூடும்.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். ஐம்பதாயிரம் வரிசைகளிலும் டுடே என்று எழுதுவதற்குப் பதிலாக, அதை ஒரே கலத்தில் எழுதிவிட்டு மற்ற சூத்திரங்களை அந்தக் கலத்தைப் பார்க்கச் செய்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அறிவுரை சொல்லப்படுகிறது. தீராது. அந்த ஒரு கலம் ஒவ்வொரு முறையும் ‘பழையதாகி’விடுவதால், அதைச் சார்ந்த ஐம்பதாயிரம் கலங்களும் அதனுடன் சேர்ந்து பழையதாகின்றன, தேதி மாறவே இல்லை என்றாலும் அவை அனைத்தும் மறுபடி கணக்கிடப்படுகின்றன. தேதியைச் சூத்திரமாக வைக்காமல் மதிப்பாகத் தட்டச்சு செய்துவிடுவதே உண்மையான தீர்வு. நாளுக்கு ஒருமுறை ஒரு கலத்தைத் திருத்தும் சிறு உழைப்பு, நாள் முழுவதும் காத்திருக்கும் நேரத்தை மிச்சமாக்குகிறது. அதேபோல் வளர்ந்துகொண்டே போகும் பட்டியலின் எல்லையைக் கண்டறிய ஆஃப்செட்டைப் பயன்படுத்தும் இடங்களில், பட்டியலை முறையான ‘டேபிள்’ ஆக மாற்றிவிட்டால் எல்லை தானாக விரியும். அதை இண்டெக்ஸ் சார்பைக் கொண்டும் சாதிக்கலாம். மிகுந்த சாமர்த்தியத்துடன் எழுதப்பட்ட இன்டைரக்ட் சூத்திரங்கள்தாம் பல கோப்புகளில் பெருஞ்சுமையாக இருக்கின்றன என்பது வருத்தத்துடன் சொல்ல வேண்டிய செய்தி. அவற்றை எழுதியவர் மற்றவர்களின் வேலையை எளிதாக்கத்தான் நினைத்திருப்பார்.

பத்து மடங்கு தரவு, நூறு மடங்கு வேலை

ஆனால் இவற்றையும்விடப் பெரிய காரணம் கணக்கின் வளர்ச்சி வேகம். ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு நெடுவரிசையில் உள்ள தொகைகளின் தொடர்கூட்டலை அடுத்த நெடுவரிசையில் காட்ட வேண்டும். வழக்கமாக எழுதப்படும் சூத்திரம், முதல் வரிசையிலிருந்து இந்த வரிசை வரை கூட்டு என்று சொல்கிறது. முதல் வரிசையில் ஓர் எண்ணைப் படிக்கிறது, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. பத்தாயிரம் வரிசைகளுக்கு இப்படிப் படிக்க வேண்டிய எண்கள் 5 கோடியே 5 ஆயிரம். ஒரு லட்சம் வரிசைகளுக்கு 500 கோடிக்கும் மேல். தரவு பத்து மடங்கானபோது வேலை நூறு மடங்காகிவிட்டது. சென்ற ஆண்டு நன்றாக ஓடிய கோப்பு இந்த ஆண்டு ஏன் திணறுகிறது என்ற கேள்விக்குப் பல நேரங்களில் இந்த ஒரு வரிதான் பதில். கோப்பில் எதுவும் கெட்டுப்போகவில்லை, தொடக்கத்திலிருந்தே அதனுள் இருந்த பெருக்கம் இப்போது கண்ணுக்குத் தெரிகிற அளவை எட்டியிருக்கிறது.

அதே தொடர்கூட்டலை, ‘மேல் கலத்தின் விடையுடன் இந்த வரிசையின் எண்ணைக் கூட்டு’ என்று எழுதினால், ஒவ்வொரு வரிசையும் இரண்டே கலங்களைப் பார்க்கும். ஒரு லட்சம் வரிசைகளுக்கு இரண்டு லட்சம் வாசிப்புகள் போதும். இந்த வடிவத்துக்கும் ஒரு குறை உண்டு: நடுவில் ஒரு வரிசையை நீக்கினால், கீழேயுள்ள சூத்திரம் தான் பார்த்த கலத்தை இழந்து பிழை காட்டும், அந்தப் பிழை கடைசி வரிசை வரை இறங்கும். அந்த இடத்தில் சூத்திரத்தை மீண்டும் இழுத்துவிட வேண்டியிருக்கும். இரண்டையும் எடைபோட்டால் இரண்டாவது வடிவமே ஏற்றது என்று தயங்காமல் சொல்வேன்.

இதே பெருக்கம் வேறு வேடங்களிலும் வருகிறது. ஒரு பட்டியலில் எந்தப் பதிவு இரண்டு முறை வந்திருக்கிறது என்று கண்டறிய, ஒவ்வொரு வரிசையிலும் கவுன்ட்இஃப் சூத்திரத்தை எழுதி முழு நெடுவரிசையையும் எண்ணச் சொல்வார்கள். ஐம்பதாயிரம் வரிசைகளில் ஒவ்வொன்றும் ஐம்பதாயிரம் கலங்களை ஒப்பிட்டால் மொத்தம் 250 கோடி ஒப்பீடுகள். பட்டியலை அந்த நெடுவரிசையின்படி வரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொரு கலத்தையும் அதற்கு மேலேயுள்ள கலத்துடன் மட்டும் ஒப்பிட்டால், ஐம்பதாயிரம் ஒப்பீடுகளில் வேலை முடிகிறது. ஒரே மாதிரியானவை அருகருகே வந்து நிற்பதால் தேடவே வேண்டியதில்லை.

இரண்டு பட்டியல்களை இணைக்கும் விலுக்கப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சரியான பொருத்தம் வேண்டும் என்று கேட்கும்போது, அது பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்குகிறது. தேடும் பொருள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் சராசரியாகப் பாதித் தொலைவு போக வேண்டும். பட்டியலிலேயே இல்லாத பொருளுக்குக் கடைசி வரை போக வேண்டும். ஒரு லட்சம் பதிவுகளை இன்னொரு லட்சம் பதிவுகளில் தேடினால் சராசரியாக 500 கோடி ஒப்பீடுகள். பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருந்து, தோராயப் பொருத்தம் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், நடுவைப் பார்த்துப் பாதியைத் தள்ளி, மிஞ்சியதன் நடுவைப் பார்த்து மீண்டும் பாதியைத் தள்ளும் முறையில் தேடல் நடக்கும். ஒரு லட்சத்துக்கு 17 ஒப்பீடுகள், பத்து லட்சத்துக்கு 20. தோராயப் பொருத்தம் இல்லாத பொருளுக்கும் அருகில் உள்ளதைத் தந்துவிடும் என்பதால், முதலில் ஒருமுறை தேடி, கிடைத்தது தேடியதேதானா என்று சரிபார்த்து, பின்பு இன்னொரு முறை தேடி விடையை எடுக்க வேண்டும். இரண்டு முறை தேடினாலும் 34 ஒப்பீடுகள்தான். ஐம்பதாயிரத்துடன் ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வரிசைப்படுத்த இயலாத இடங்களிலும் ஒரு வழி இருக்கிறது. ஒரே பதிவின் பெயர், தேதி, தொகை, நிலை எனப் பத்துத் தகவல்களைக் கொண்டுவர பத்து விலுக்கப்புகளை எழுதினால், அதே தேடல் பத்து முறை நடக்கிறது. மேட்ச் சார்பை ஒரு துணை நெடுவரிசையில் ஒருமுறை எழுதி, பதிவு எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்பதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பத்துத் தகவல்களையும் இண்டெக்ஸ் சார்பால் நேரடியாக எடுத்தால், தேடல் ஒன்றாகக் குறைகிறது. துணை நெடுவரிசை வைப்பது அழகில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே கலத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுவதைத் திறமை என்று கருதும் பழக்கமும் உண்டு. ஒருமுறை கணக்கிட்ட விடையை ஒரு கலத்தில் வைத்துப் பலமுறை பயன்படுத்துவதுதான் விரிதாளின் அடிப்படை வலிமை என்பதால், அதை மறைத்து வைத்தாவது பயன்படுத்த வேண்டும். 2018-இல் ஆபிஸ் 365-இன் 1809 பதிப்பு வந்தது முதல், ஒரே பட்டியலில் திரும்பத் திரும்பத் தேடும்போது எக்செல் தானே ஓர் உள் அட்டவணையை நினைவகத்தில் உருவாக்கிக்கொள்கிறது. ஆனால் கோப்பைத் திறக்கப்போகும் எல்லோரிடமும் அந்தப் பதிப்பு இருக்கும் என்று நம்பி அமைப்பது சரியில்லை.

முழு நெடுவரிசையையும் சுட்டும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். சம், சம்இஃப் போன்றவை தரவு உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ளும் அளவுக்குப் புத்திசாலிகள். எண்களைப் பெருக்கிக் கூட்டும் சம்ப்ராடக்ட்டும், ஒரு தொகுதிக் கலங்களை ஒரே சூத்திரத்தில் கையாளும் அணிச் சூத்திரங்களும் அப்படியில்லை. நெடுவரிசை முழுவதையும் கொடுத்தால், அதன் 10,48,576 கலங்களையும் உழைத்துக் கடக்கக்கூடும். தரவு இருப்பதோ மூவாயிரம் வரிசைகளில் மட்டும்.

திறக்கும் நேரம், வரையும் நேரம்

இதுவரை சொன்னது கணக்கிடும் தாமதம். கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் ஆகும் தாமதம் முற்றிலும் வேறானது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. 2007 முதல் வழக்கத்தில் உள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு, உண்மையில் பல எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஜிப் பொதி. திறக்கும்போது பொதி விரிக்கப்பட்டு, உரையாக எழுதப்பட்ட ஒவ்வொரு எண்ணும் கணினி எண்ணாக மாற்றப்பட வேண்டும். சேமிக்கும்போது அது அப்படியே தலைகீழாக நடக்கும். அதனால்தான் வட்டில் சிறியதாகத் தெரியும் கோப்பு நினைவகத்தில் பல மடங்கு பெருக்கிறது. எக்ஸ்எல்எஸ்பி என்ற இரும வடிவம் இந்த உரை மாற்றத்தைத் தவிர்ப்பதால், பெரிய கோப்புகள் அதில் கணிசமாக விரைவாகத் திறக்கின்றன. கணக்கீட்டு வேகத்தை அது மாற்றாது.

நினைவகத்தைப் பொறுத்தவரை, பத்து லட்சம் வரிசைகளும் இருபது நெடுவரிசைகளும் கொண்ட தாளில் எண்கள் மட்டுமே இருந்தாலும், ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம் 16 கோடி பைட் தேவை. சூத்திரம், வடிவமைப்பு, சார்பு வலை ஆகியவை அதற்கு மேல். 32-பிட் எக்செல் நெடுங்காலம் 2 ஜிபி முகவரி எல்லைக்குள் அடைபட்டிருந்தது. கணினியில் எவ்வளவு நினைவகம் பொருத்தினாலும் அதனால் பயன் இல்லை. 64-பிட் எக்செல் 2010-இல் வந்தது. பெரிய தரவைக் கையாளுபவர் தம் கணினியில் எது நிறுவப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தரவே இல்லாத இடங்களும் எடை கூட்டுகின்றன. கன்ட்ரோல் விசையுடன் எண்ட் விசையை அழுத்தினால், எக்செல் ‘கடைசிக் கலம்’ என்று கருதும் இடத்துக்குக் கொண்டுபோகும். தரவு இரண்டாயிரமாவது வரிசையில் முடிந்திருக்க, அது நான்கு லட்சமாவது வரிசைக்குத் தாவினால், எப்போதோ போட்ட நிறமோ கட்டங்களோ அங்கே வரை பரவியிருக்கிறது என்று பொருள். அந்த வெற்று வரிசைகளைத் தேர்ந்தெடுத்து முழுமையாக நீக்கிச் சேமித்தால் கோப்பு சுருங்கும். இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத சிறு வடிவங்களும், எங்கோ உள்ள பழைய கோப்புகளைச் சுட்டும் இணைப்புகளும், யாரும் பயன்படுத்தாத பெயர் வரையறைகளும் இதே வகை.

திரையில் வரையும் வேலைக்கும் நேரம் ஆகிறது. மதிப்பைப் பார்த்துக் கலத்துக்கு நிறமிடும் நிபந்தனை வடிவமைப்பு விதிகள், கலம் திரையில் மறுபடி வரையப்படும் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படுகின்றன. உருட்டும்போது தாள் தடுக்கித் தடுக்கி நகர்ந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வெட்டி ஒட்டி வரிசைகளை நகர்த்தும்போது ஒரே விதி துண்டுதுண்டாக உடைந்து நூற்றுக்கணக்கான விதிகளாகப் பெருகிவிடுவதும் உண்டு. விதி மேலாளரைத் திறந்து பார்த்தாலே தெரியும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே விதியைப் புதிதாக இடுவது எளிது. வடிகட்டிய வரிசைகளை நீக்கும்போது ஏற்படும் நீண்ட உறைவும் இதற்கு அருகிலிருக்கும் சிக்கல்தான். நீக்க வேண்டியவை தாள் முழுவதும் சிதறிக் கிடப்பதால், ஒவ்வொரு துண்டை நீக்கும்போதும் கீழேயுள்ள கலங்கள் அனைத்தும் மேலே நகர வேண்டியிருக்கிறது. முதலில் வரிசைப்படுத்தி அவற்றை ஒரே தொகுதியாகச் சேர்த்துவிட்டு நீக்கினால், ஒரே நகர்வில் வேலை முடியும்.

மேக்ரோ எழுதுபவர்களுக்கு ஒன்று மட்டும். எக்செலுக்குள் மேக்ரோ எழுதப் பயன்படும் விபிஏ மொழியின் நிரல் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே படித்து எழுதும்போது, நேரம் கணக்கில் போவதில்லை, நிரலுக்கும் தாளுக்கும் இடையே போய்வருவதில் போகிறது. முழுப் பகுதியையும் ஒரே மூச்சில் ஓர் அணிக்குள் படித்து, அணியிலேயே வேலையைச் செய்து, ஒரே மூச்சில் திரும்ப எழுதினால் வேறுபாடு நம்ப முடியாத அளவுக்கு இருக்கும். கூகுள் ஷீட்ஸின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் இது இன்னும் முக்கியம். அங்கே ஒவ்வொரு தொடுதலும் தொலைவில் உள்ள சேவையகத்தை எட்டித் திரும்பக்கூடும். கூகுள் ஷீட்ஸ் ஒரு கோப்புக்கு ஒரு கோடி கலங்கள் என்ற எல்லையை வைத்திருக்கிறது. வெற்றுக் கலங்களும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், தேவையற்ற வரிசைகளையும் நெடுவரிசைகளையும் நீக்குவதற்கு அங்கே உடனடிப் பயன் உண்டு. வேறொரு கோப்பிலிருந்து தரவைக் கொண்டுவரும் இம்போர்ட்ரேஞ்ச் போன்ற சார்புகள் வலையமைப்பின் வேகத்துக்கும் கட்டுப்பட்டவை.

முதலில் அளக்க வேண்டும்

தாமதத்தைக் குறைக்க முனைபவர் செய்யும் முதல் பிழை, அளக்காமல் திருத்தத் தொடங்குவது. ஒரு நகலை எடுத்துக்கொண்டு, கணக்கீட்டைக் கைமுறைக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொரு தாளிலும் ஷிஃப்ட் விசையுடன் எஃப்9 அழுத்தினால் அந்தத் தாள் மட்டும் கணக்கிடப்படும். எந்தத் தாளில் காத்திருப்பு நீள்கிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தத் தாளில் சூத்திர நெடுவரிசைகளைப் பாதி பாதியாக மதிப்புகளாக மாற்றிக்கொண்டே மறுபடி அளந்தால், குற்றவாளி ஓரிரு நெடுவரிசைகளுக்குள் சிக்கும். பெரும்பாலும் தாமதத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு நெடுவரிசையிலிருந்துதான் வருகிறது. மற்றவற்றைத் தொட வேண்டிய தேவையே இருக்காது.

கைமுறைக் கணக்கீட்டையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்செலில் அந்த அமைப்பு கோப்புக்கானது அல்ல, இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள் முழுவதற்குமானது. முதலில் திறக்கும் கோப்பில் என்ன இருக்கிறதோ அதுவே பின்னால் திறக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்திவிடும். ஒருவர் கைமுறையில் சேமித்த கோப்பைத் திறந்துவிட்டு, இன்னொரு கோப்பில் எண்ணைத் திருத்தினால், அங்கேயும் கூட்டுத்தொகை மாறாமல் நிற்கும். பார்ப்பவருக்கு அது பழைய விடை என்று தெரிய வழியில்லை. நிலைப்பட்டியின் ஓரத்தில் ஒரு சிறு சொல் மட்டுமே எச்சரிக்கும். மெதுவான விடையைவிடத் தவறான விடை மோசமானது. ஒரு பெரிய திருத்தத்தைச் செய்து முடிக்கும் வரை கைமுறையில் வைத்துவிட்டு உடனே திருப்பிவிடுவது வரைதான் அது பாதுகாப்பானது.

தாள் போதாமல் போகும் இடம்

எல்லாவற்றையும் செய்தபின்னும் தாமதம் தீராத தரவுகள் உண்டு. எக்செல் 97-இல் 65,536 வரிசைகள் இருந்தன. 2007-இல் அது 10,48,576 ஆனது. அத்தனை வரிசைகள் திறக்க முடிவதால், அத்தனையையும் சூத்திரங்களால் ஆள முடியும் என்று பொருளாகாது. வரிசை எல்லைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மிஞ்சியது சில வழிகளில் சத்தமின்றி விழுந்துபோகும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் 65,536 வரிசை எல்லையால், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கோவிட் தொற்றுப் பதிவுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போனதை அறிவித்தது. தொற்றுக்கு ஆளானவர்களோடு பழகியவர்களுக்குச் செய்தி போய்ச்சேர்வது அதனால் நாட்கணக்கில் தாமதமானது. மெதுவாகும் கோப்பு நமக்கு எச்சரிக்கையாவது தருகிறது. அந்த வடிவம் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

அத்தகைய தரவுக்கு எக்செலுக்குள்ளேயே ஓர் இடைப்பட்ட வழி இருக்கிறது. வெளியிலிருந்து தரவைக் கொண்டுவரும் பவர் குவெரி என்ற கருவி மூலமாகத் தரவைத் தாளில் இறக்காமல், தரவு மாதிரி எனப்படும் உள் சேமிப்பகத்துக்குள் நேரடியாக ஏற்றலாம். தரவு மாதிரி வரிசைகளாக இல்லாமல் நெடுவரிசை நெடுவரிசையாகத் தரவைச் சேமிக்கிறது. ஒரு நெடுவரிசையில் பத்து லட்சம் பதிவுகள் இருந்தாலும் வெவ்வேறான மதிப்புகள் நாற்பதே என்றால், அந்த நாற்பதை ஒரு அகராதியாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் சிறு குறி எண்களை மட்டும் எழுதுகிறது. அதனால் இடமும் சுருங்குகிறது, ஒரு நெடுவரிசையைக் கூட்ட மற்ற நெடுவரிசைகளைத் தொட வேண்டியதும் இல்லை. வரிசை எல்லையும் அங்கே பொருந்தாது. இதற்கு ஈடாக, ஒரு கலத்தைத் தொட்டுத் திருத்தும் சுதந்திரத்தை இழக்கிறோம். ‘புதுப்பி’ என்று சொன்னால்தான் புதிய விடை வரும். எந்நேரமும் எல்லாம் திருந்திக்கொள்ளும் என்ற பழைய வாக்கைக் கைவிடுவதுதான் இந்த வேகத்தின் விலை.

தரவுத்தளத்துக்கு எப்போது போக வேண்டும் என்பதற்கு வரிசை எண்ணிக்கையை அளவுகோலாக வைப்பதைவிட, வேலை செய்பவர்களின் பழக்கத்தைக் கவனிப்பது பயன் தரும். கோப்பு கனத்துவிட்டது என்று மாதத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்துவிட்டு, பிறகு பன்னிரண்டையும் ஆண்டறிக்கைக் கோப்பிலிருந்து இணைப்புச் சூத்திரங்களால் எட்டிப் பிடிக்கத் தொடங்கினால், அந்த நேரம் வந்துவிட்டது. பிரித்ததால் கிடைத்த வேகத்தை இணைப்புகள் தின்றுவிடும். ஒரு கோப்பின் பெயர் மாறினாலே எல்லாம் உடையும். அந்தப் பன்னிரண்டு கோப்புகளின் மூலப் பதிவுகளை எஸ்கியூலைட் போன்ற, தனிச் சேவையகம் தேவைப்படாத ஒரு தரவுத்தளத்தில் ஒரே அட்டவணையாகச் சேர்த்து, தேடும் நெடுவரிசைக்கு ஒரு குறியீட்டு அட்டவணையையும் போட்டுவிட்டால், பாதிப் பாதியாகத் தள்ளும் அந்த விரைவான தேடல் எப்போதும் தயாராக இருக்கும், தரவை யாரும் வரிசைப்படுத்தி வைக்க வேண்டியதில்லை. விரிதாளுக்குத் திரும்பி வருவது மாதவாரியாகத் தொகுத்த சில நூறு வரிகள் மட்டும். அந்தச் சில நூறு வரிகளில் எந்த எண்ணைத் திருத்தினாலும் தாள் 1979-இல் சொன்னபடி உடனே திருந்திக்கொள்ளும்.